மச்சான் வேறு மாநிலம்

பாப்பாரப்பட்டியில் எனக்கு ஒரு சின்ன முறுக்குக் கடை. பாக்கெட் மிக்சருக்குப் பன்னிரண்டு சதவீதம் வரி என்று நான் மனப்பாடம் செய்து முடித்த வாரத்தில்தான் அதை ஐந்தாகக் குறைத்தார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும், விழுந்து விழுந்து படித்த பாடத்திலிருந்து கேள்வியே வராத மாணவனின் துக்கம். வெறுத்துப்போய் அடுத்த ஏப்ரலில் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் வரித் திட்டத்துக்கு மாறினேன். விற்றதற்கு ஒரு சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும், படிக்க ஒன்றுமில்லை என்றார்கள்.

ஒன்று இருந்தது. வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பக் கூடாது. வியாபாரிகள் வாட்ஸப் குழுவில் இதைப் பார்த்த நாளிலிருந்து, கடைக்கு வருகிறவர்கள் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று உற்றுக் கேட்க ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் கன்னடம் கலந்து பேசுகிறவர்கள் நிறைய. ‘எஷ்டு?’ என்று காராச்சேவுக்கு விலை கேட்ட ஒரு பெரியவரிடம் ஆதார் அட்டை கேட்டுவிட்டேன். அவர் பக்கத்துத் தெருவாம்.

அந்த நேரம் பார்த்து, கர்நாடகத்து ஆனேக்கல்லிலிருந்து என் மனைவியின் தம்பி போன் செய்தான். மகளுக்குக் காதுகுத்து, ஆயிரம் முறுக்கு வேண்டும்.

“வண்டியில போட்டு அனுப்பிடுங்க மாமா.”

“முடியாது மச்சான். நீ வேற மாநிலம்.”

“எங்கக்காவக் கட்டிக்கிட்டப்ப அது தெரியலீங்களா?”

பக்கத்திலிருந்த மனைவி போனைப் பிடுங்கி வைத்தாள். “எந்தம்பி வூட்டு விசேஷத்துல வேற கடை முறுக்கு வச்சா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க நிக்கறது? அப்புறம் உங்களுக்கு மூணு வேளையும் முறுக்குதான் சோறு, பாத்துக்கங்க.”

தருமபுரிக்கு ஆடிட்டரிடம் ஓடினேன். அவர் சிரித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. “அவரே கடைக்கு வந்து வாங்கிட்டுப் போனா உள்ளூர் வியாபாரந்தாங்க. நீங்க கொண்டுபோய்க் குடுத்தாத்தான் வம்பு.”

மச்சான் வேன் எடுத்துக்கொண்டு வந்தான். நான் கல்லாவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“டின்ன ஒரு கை புடிங்க மாமா.”

“நான் புடிச்சா அனுப்புன மாதிரி ஆயிடும் மச்சான்.”

இருபது டின்னையும் தனியாகத் தூக்கினான். வேன் கதவைக்கூட நான் சாத்தவில்லை.

காதுகுத்தன்று நானும் மனைவியும் பஸ்ஸில் போனோம். ஓசூர் தாண்டியதும் அவள் பையைத் தட்டிக்காட்டினாள். “கொழந்தைக்குன்னு தனியா நெய் முறுக்கு எடுத்து வச்சிருக்கறேன்.”

நம் கடைச் சரக்கு. எல்லைக்கு இன்னும் பத்து நிமிஷம்.

“அடியே, இது மாநிலம் தாண்டுதுடி!”

“காசுக்கா விக்கறோம்? அத்தை குடுக்கறதுங்க!”

அத்தை கொடுப்பதற்கு என்ன விதி என்று நான் படித்திருக்கவில்லை. படிக்காத விஷயத்தில் துணிகிற ஆளும் நானில்லை. அவள் கண்ணயர்ந்த நேரத்தில், எல்லையிலிருக்கும் அத்திப்பள்ளி வருவதற்குள் பன்னிரண்டு முறுக்கையும் தின்று முடித்தேன்.

விசேஷ வீட்டில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “அத்தைக்காரி, கொழந்தைக்கு என்ன கொண்டாந்த?”

மனைவி பையைத் திறந்தாள். காலிப் பாக்கெட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“முறுக்குத்தான் கொண்டாந்தேன்,” என்றாள், என் வயிற்றைக் காட்டி. “இதோ, இவருக்குள்ள இருக்குது.”