மெதுவான பக்கத்தில் ஓர் இருமல்

ரெக்கார்டு கேட்டுக் குறை எழுதுவது என் வேலை என்றால், "சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறாய்" என்பார்கள் வீட்டில். கைப்பிள்ளையோடு வேலைக்கும் போய் அல்லாடும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா! ஜொகூர் பாருவில் ராவுத்தரின் ரெக்கார்டுக் கடை. சிங்கப்பூரிலிருந்து வரும் மேல்நாட்டுச் சங்கீத சிம்பொனி செட்டுகளை விற்குமுன் நான் கேட்டுப் பார்ப்பேன். ஒரு சிம்பொனிக்கு நாலைந்து ரெக்கார்டு. எங்கே கரகரப்பு, எந்த வாத்தியக் கோஷ்டி நிதானம், எது ரயிலைப் பிடிக்கப் போவதுபோல் ஓடுகிறது என்று சீட்டெழுதி ஒட்டவேண்டும்.

இரண்டு கச்சேரி

இசை அடங்கி ஒலிக்கும் மெதுவான பக்கம் வந்தால் மட்டும் கடைக்கதவைச் சாத்திவிடுவேன், தெருச்சத்தம் ஆகாது. ஒருநாள் பிடில்கள் மூச்சுப்போல அடங்கிய இடத்தில் ஓர் ஆண் இருமினார். ஊசியைத் தூக்கி, 'இருமல் பதிந்திருக்கிறது' என்றெழுதித் திருப்பி அனுப்பினோம். அடுத்த வாரம் வேறு சிம்பொனி, வேறு தேசத்துக் கோஷ்டி. அதே இருமல். ராவுத்தர் சிரித்தார்: "அலமாக்! ஒரே ஆளு ரெண்டு கச்சேரிக்கும் போயிருக்கான் போல. எழுதிக்க தங்கச்சி."

துரை கேட்டது

மூன்றாவது செட்டிலும் இருமல். நான் வேண்டாமென்றும் கேட்காமல் சிம்பாங் ரெங்கம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி அதைத் தன் துரைக்கு வாங்கிப்போனார். ஒரு வாரம் கழித்து வந்து, என்னை ஒருமாதிரி பார்த்தார். "துரை நாலு தடவ கேட்டுட்டாரும்மா. யாரும் இருமவே இல்லையாம். உங்க கடையிலதான் ஏதோ இருக்குன்றாரு."

சாட்சி

என் எட்டு மாத மகள் பக்கத்திலேயே சேலைத் தொட்டிலில் இருப்பாள். இருமல் வரும்போது கிராமபோனைப் பார்க்கமாட்டாள். பக்கத்துப் பலகைச் சுவரைப் பார்த்துச் சிரிப்பாள். சுவருக்கு அப்பால் தச்சர் காலி செய்த அறை, முன்கதவில் பூட்டு. இதைச் சொன்னபோது ராவுத்தர் சிரிக்கவில்லை. திருப்பிய செட்டுகளில் குறையே இல்லையென்று சிங்கப்பூரிலிருந்து கடிதம் வந்திருந்தது. "பச்சப்புள்ளய சாட்சிக்குக் கூப்புடாத. இன்னொரு செட்டு திரும்புச்சுன்னா நீ வீட்டோட இருந்துக்க."

ஆறிப்போன ரெக்கார்டு

ஒருநாள் காலையில் இருமல் கேட்டு நிறுத்திய பக்கத்தை, அன்று பகலில் மறுபடி போட்டேன். ஊசி அந்த இடத்தைக் கடந்தது. இருமல் இல்லை. கடைசிவரை இல்லை. மகள் சுவரையே பார்த்திருந்தாள், சிரிக்கவில்லை. ரெக்கார்டில் விழுந்த குறை தானாக ஆறுமா? அப்போதுதான் உறைத்தது. இருமல் சுவருக்கு அப்பால்! அப்படியானால், இப்போது ஏன் கேட்கவில்லை?

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்சந்துக்கு ஓடினேன். அந்த அறையின் பின்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பாயில் ஒரு பெரியவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக் கிராணியாம், போக்கிடமில்லாமல் பின்வழியாக வந்து அங்கே ஒண்டியிருந்தாராம், காய்ச்சலில் கொதித்து, துண்டை வாயில் அடைத்து மூச்சுத் திணறிக் கிடந்தார். துண்டைப் பிடுங்கினேன். மூச்சு வந்ததும் பேசினார்: "நான் இருமினா நீர் நிப்பாட்டிப்போடுறீர், பிள்ளை. பாட்டின்ர முடிவு இவ்வளவு நல்லா இருக்குமெண்டு தெரிஞ்சிருந்தா, முதல் நாளே வாயைப் பொத்தியிருப்பன்."

ராவுத்தர் அவருக்கு வைத்தியரைக் கூட்டிவந்தார், எனக்கு வேலையும் நிலைத்தது. ஆனாலும் இன்றுவரை எந்த ரெக்கார்டில் குறை எழுதுவதானாலும், முதலில் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.