மாடியேறிய மூன்று சக்கர சைக்கிள்

எங்கள் சேவைச் சங்கத்தின் வாராந்திரக் கூட்டம் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு. ஏழு மணி என்றால் எட்டேகால். சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பவன் நான் ஒருவன்தான், அதுவும் அந்த வருடம் என்னைச் செயலாளர் ஆக்கித் தொலைத்திருந்தார்கள் என்பதால். அருப்புக்கோட்டையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஒயரும் சுவிட்சும் மோட்டார் ஸ்டார்ட்டரும் விற்றுப் பிழைக்கிற மனுசனுக்கு எதற்குச் சமூக சேவை என்று வீட்டில் மனைவி கேட்டாள். காரின் முன்கண்ணாடியில் ஒட்ட ஒரு சின்னம் கிடைக்கும், டோல்கேட்டில் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது. டோல்கேட்டில் இன்றுவரை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கூட்டம் நடப்பது ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹாலில். கீழே முகூர்த்தம், வரவேற்பு, மேலே நாங்கள். படிக்கட்டு குறுகல். மொத்தம் இருபத்திரண்டு படி, நடுவில் ஒரு திருப்பம். எனக்கு மூட்டுவலி உண்டு, அதனால் படிகளைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். மேலே போனதும் தலைவர் மணி அடிப்பார். கொடி வணக்கம். உறுதிமொழி. உறுதிமொழியில் 'தன்னலமின்றி' என்று ஒரு சொல் வரும். அந்த இடத்தில் யாராவது இருமுவார்கள். பிறகு அந்த வாரம் பிறந்தநாள், கல்யாண நாள் கொண்டாடியவர்களுக்குப் பொன்னாடை. போர்த்துவோம், படம் எடுப்போம், உருவி மடித்து அதே கவருக்குள் வைத்துவிடுவோம். சங்கத்தில் இருப்பதே நாலு பொன்னாடைதான். பச்சைக்கரை போட்டது என் தோளில் மட்டும் ஆறு தடவை ஏறி இறங்கியிருக்கிறது. கடைசியில் பரோட்டா. பரோட்டா வருகிற வாசம் அடித்த பிறகுதான் ஹாலில் பாதி நாற்காலி நிறையும்.

எங்களுக்கென்று விதிப்புத்தகம் ஒன்று இருக்கிறது, யாரும் படித்ததில்லை. அதில் இல்லாத ஒரு விதியை மட்டும் எல்லோரும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவோம். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் மேடையில் பேனருக்கு முன்னால் வைத்து, அதன்மேல் அத்தனை பேர் கையும் படுகிற மாதிரி படம் எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். நரிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சுவர்க்கடிகாரம் கொடுத்தோம். பதினேழு கை. படத்தில் கடிகாரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஏதோ கைகலப்பை விலக்குகிற படம் போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பரளச்சிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் விண்ணப்பம் கொடுத்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். சின்னப் பிள்ளையிலேயே இரண்டு காலும் செயல்படாமல் போயிருந்தது. அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போனவர்கள். இவள் வீட்டிலிருந்தபடியே தபால்வழியில் படித்துப் பட்டம் வாங்கி, கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டிருந்தாள். பரளச்சியில் இ-சேவை மையம் நடத்துகிற ஒருவர் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார். ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு அவளாக வந்து சேர வேண்டும், முடியாதென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்பது அவர் பேச்சு. வீட்டிலிருந்து மையம் ஒன்றரை கிலோமீட்டர். அவள் அண்ணன் லோடு ஆட்டோ வைத்திருந்தார்; ஆனால் விடியுமுன் பூ மூட்டை ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினால் மதியம்தான் திரும்புவார். அதனால் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிள் ஒன்று கொடுத்து உதவ வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

ஒரே கூட்டத்தில் சம்மதம் சொல்லிவிட்டோம். எங்களுக்கே ஆச்சரியம். அடுத்த வாரமே நீல நிறத்தில் புத்தம் புது சைக்கிள் மண்டபத்து வாசலில் வந்து இறங்கியது. அத்தோடு எங்கள் புத்தி வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. அந்தச் சனிக்கிழமை ஆளுநர் வருவதாக இருந்தது. கிண்டி மாளிகையில் இருக்கிற ஆளுநர் இல்லை; நாலைந்து மாவட்டத்துச் சங்கங்களுக்கெல்லாம் சேர்த்து எங்களுக்கென்று இருக்கிற ஆளுநர். அவர் கையால் கொடுக்க வேண்டும். மேடை மாடியில், பேனர் மாடியில். ஆகவே சைக்கிளையும் மாடிக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே. நாலு பேர் பிடித்துத் தூக்கினோம். திருப்பத்தில் சக்கரம் சுவரில் சிக்கிக் காரை பெயர்ந்தது. நடக்க முடியாத பெண்ணுக்குக் கொடுக்கிற வண்டியை இருபத்திரண்டு படி ஏற்றுகிறோமே, அவள் எப்படி மேலே வருவாள் என்று ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. என் மண்டையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவள் எப்படி வந்தாள் என்றால், அண்ணன் முதுகில் வந்தாள். சைக்கிளுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். சைக்கிளின் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. எட்டரைக்கு ஆளுநரிடமிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டாராம், அடுத்த வாரம் வருகிறாராம்.

"அடுத்த வாரம் வந்துரும்மா" என்றார் தலைவர். அவர் நூல் வியாபாரி. நல்ல மனுசர்தான், மேடையில் இல்லாதபோது.

"சைக்கிள மட்டும் இன்னைக்கே கொண்டு போயிரட்டுமா சார்? அடுத்த வாரம் படத்துக்கு அதுலயே வாரேன்" என்றாள்.

"ஆளுநர் கையால வாங்குறது ஒரு கௌரவம்லம்மா."

இரண்டு பரோட்டா பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினோம்.

சைக்கிள் ஹாலிலேயே இருந்தது. அடுத்த வாரம் வந்தவர்கள் கோட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினார்கள். பரோட்டா வாளியை வைக்க இருக்கை வாகாக இருந்தது. பொருளாளர் ஏறி உட்கார்ந்து ஹாலைச் சுற்றி வந்தார். நானும் ஒரு சுற்று ஓட்டினேன். நன்றாகத்தான் ஓடியது.

அன்றைக்கு ஆளுநருக்குக் காய்ச்சல். அவள் மறுபடியும் அண்ணன் முதுகில் ஏறி, மறுபடியும் அண்ணன் முதுகில் இறங்கினாள். தங்கையை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு, விட்டுப்போன குடையை எடுக்க அவர் திரும்ப வந்தார். படியில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"அண்ணாச்சி, தூக்குறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. இவ ஒரு கனமா. ஆனா ஏத்தும்போதும் எறக்கும்போதும் கண்ண இறுக்கி மூடிக்கிறா. இத்தன பேரு பாக்காகள்ல. அது எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

தலைவரிடம் பேசுகிறேன் என்று சொன்னேன். பேசவில்லை. அடுத்த வருடத் தலைவர் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. ஒரு சைக்கிளுக்காக எதற்கு மனத்தாங்கல் என்று வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது சனிக்கிழமை. திங்கட்கிழமை ஒன்றாம் தேதி. எட்டே முக்காலுக்குத் தலைவர் மைக்கைப் பிடித்து, ஆளுநருக்கு அவசர வேலை, அடுத்த சனிக்கிழமை உறுதியாக வருகிறார் என்று அறிவித்தார். இரண்டு பேர் பழக்கதோஷத்தில் கைகூடத் தட்டினார்கள்.

அந்தப் பெண் அண்ணனிடம் ஏதோ சொன்னாள். அவர் சைக்கிளில் இருந்த பரோட்டா வாளியை எடுத்துத் தலைவரின் மேஜையில், மணிக்குப் பக்கத்தில் வைத்தார். கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் போட்டார். பிறகு தங்கையைத் தூக்கிச் சைக்கிளில் உட்கார வைத்தார்.

"திங்கக்கெழம ஒண்ணாந்தேதி சார்" என்றாள் அவள். "நான் இன்னைக்கு இதுல இருந்து எறங்க மாட்டேன்."

"ஏம்மா, இப்படி அடம்புடிச்சா எப்படி?"

"அடம் இல்ல சார். எறங்குனா வேல போயிரும்."

குரல் உயரவே இல்லை. சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்பது போலத் தலைவர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் வீரமாக எழுந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் பரோட்டா ஆறிக்கொண்டிருந்தது, எனக்குப் பசி. கூடவே அவள் அண்ணன் படியில் வைத்துச் சொன்னதும் ஒரு வாரமாக நெஞ்சைக் குடைந்துகொண்டிருந்தது. "தலைவரே, சைக்கிளோட சேத்து எறக்கி விட்ருவோம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கோட்டு, டை, சட்டையில் சங்கத்துச் சின்னம், இந்தக் கோலத்தில் எட்டுப் பேர் சைக்கிளைச் சுற்றி நின்றோம். அதுவரை மேடையில் 'அவர்களே, இவர்களே' என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், பாரம் கையில் ஏறியதும் "ஏலே, அந்தப் பக்கம் தூக்குலே" என்று ஊர்ப் பேச்சுக்கு வந்துவிட்டோம். சாமி சப்பரத்தைச் சந்துக்குள் திருப்புகிற மாதிரிதான் இருந்தது. அண்ணன் முன்னால் பின்நடையாக இறங்கிக்கொண்டே "மெல்ல, மெல்ல" என்றார். திருப்பத்தில் சக்கரம் பழைய இடத்திலேயே போய்ச் சிக்கியது. தலைவரின் கோட்டுக் கை ஆணியில் மாட்டிக் கிழிந்தது.

"வலது பக்கம் கொஞ்சம் ஒசத்துங்க சார்" என்று மேலேயிருந்து அவள் சொன்னாள். உயர்த்தினோம். வந்துவிட்டது. நான் அண்ணாந்து பார்த்தேன். அவள் கண்ணை மூடவில்லை.

கீழே வரவேற்புக்கு வந்திருந்த கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. வாசலில் சைக்கிள் தரையைத் தொட்டதும் அவளாகவே கைப்பிடியைச் சுற்றி லோடு ஆட்டோ வரைக்கும் ஓட்டிப் போனாள். படம் எடுக்கவில்லை. போட்டோக்காரர் மாடியில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அத்தோடு விட்டிருந்தால் நாங்கள் சங்கமே இல்லை. ஆளுநர் ஒருவழியாக வரச் சம்மதித்த வாரம், தலைவர் என்னைக் கூப்பிட்டு அந்தப் பெண்ணையும் சைக்கிளையும் ஒருநாள் மட்டும் கொண்டுவர வேண்டும் என்றார். படமில்லாமல் ஆண்டறிக்கையில் எப்படிப் போடுவது என்று கேட்டார். எனக்கும் பரளச்சியில் வேலை இருந்தது. அங்கே இருக்கிற மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டுக்கு வில்லங்கச் சான்று போட வேண்டும். ஒரே நடையில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று போனேன்.

இ-சேவை மையம் ரோட்டை ஒட்டி ஒரே அறை. நீல சைக்கிள் வாசல் நிழலில் நின்றது. கைப்பிடியில் ரிப்பன் புழுதியேறி மண் நிறத்துக்கு வந்திருந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள், தலையசைத்தாள், முன்னால் வரச் சொல்லவில்லை. வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் சர்வே எண்ணைக் கேட்டாள், தட்டினாள், ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாள், விண்ணப்பத்தை ஏற்றிவிட்டு ரசீதைக் கையில் கொடுத்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதில் கைவைத்து யாரும் படம் எடுக்கவில்லை.

நான் நகராமல் நின்றேன். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பிறகு வந்த விஷயத்தையும் சொல்லித் தொலைத்தேன்.

"ஆளுநர் இந்தச் சனிக்கிழம வாராரும்மா. ஒரே ஒரு படந்தான். சைக்கிளோட மேல வந்துட்டுப் போயிட்டா..."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எடுத்துக்கிருவோம் அண்ணாச்சி, அதுக்கென்ன. அவுகள இங்க வரச் சொல்லுங்க. இங்க படி கெடையாது" என்றாள். பிறகு எனக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்து, "அடுத்து யாரு, வாங்க" என்றாள்.

நான் ஒதுங்கி வழிவிட்டேன்.