இரண்டு முறை சொன்ன புயல் சேதி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம். பழவேற்காடு ஏரிக்கரையில், மீனவர் குப்பம் ஒன்றை ஒட்டியிருந்த சின்னத் தபால் ஆபீஸில் வேலை பார்த்தேன். காட்டூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். சுற்றுவட்டாரத்துக்கே ஒரே டெலிபோன் என் மேஜை மேல்தான் இருந்தது. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

வானிலை ஆபீஸிலிருந்து புயல் எச்சரிக்கையும் அந்தப் போனில்தான் வரும். நான் போய்ச் சொன்னால் கரையிலுள்ள கம்பத்தில் சிவப்புத் துணி ஏற்றுவார்கள். துணி ஏறினால் ஒரு படகும் தண்ணீரில் இறங்காது.

அங்கே இறால் நன்றாகக் கிடைக்கும் இடத்துக்குப் 'பாடு' என்று பெயர். அதில் என்றைக்கு யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். முறை தவறினால், அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அன்று எங்கள் குப்பத்துக்காரர்களின் முறை. காலையில் போன் வந்தது. புயல் வருகிறது, யாரும் இறங்கக் கூடாது என்று ஓர் ஆண் குரல் இரண்டு முறை சொன்னது. வழக்கம்போல எழுதித் திருப்பி வாசித்துக் காட்டினேன். ஓடிப்போய்ச் சொன்னேன், துணி ஏறியது.

மத்தியானம் வரை ஓர் இலைகூட அசையவில்லை. மீன் விற்கும் அக்கா ஒருவர் வாசலில் வந்து நின்றார். அன்று வலை கட்டப் போக வேண்டியவர்களில் அவர் வீட்டுக்காரரும் ஒருவர்.

"இன்னாம்மா, காத்தையும் காணோம், மழையையும் காணோம். நம்ம பாடுல அந்த எறால் ஏஜெண்டு ஆளுங்க வலை கட்டிக்கினு கீறாங்க, போய்ப் பாரு."

உடனே டிரங்க் கால் பதிவு செய்து, நாலு மணிக்கு லைன் கிடைத்து வானிலை ஆபீஸில் கேட்டால், நாங்கள் எதுவும் அனுப்பவில்லையே என்றார்கள்.

அந்த ஏஜெண்ட் இறால் வாங்க வரும் வெளியூர்க்காரர். முந்தின வாரம் ஆபீஸில் போனுக்காகக் காத்திருந்தவர், என் பானைத் தண்ணீரை வாங்கிக் குடித்துக்கொண்டே, புயல் சேதி எப்படி வரும் என்று விசாரித்திருந்தார். இரண்டு முறை சொல்வார்கள், நான் திருப்பி வாசிப்பேன், அதற்குமேல் யாரும் சரிபார்ப்பதில்லை என்பது வரை பெருமையாக ஒப்பித்திருந்தேன். திருட வந்தவருக்குக் கதவைத் திறந்து, உட்கார நாற்காலியும் போட்டிருக்கிறேன். வேலை போய்விடுமே என்ற பயத்தில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி குப்பத்துக்காரர்களின் முறை. மறுபடி போன். இந்தத் தடவை நானே திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். நிஜமான எச்சரிக்கை. கரைக்கு ஓடினால், படகில் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் பேச்சை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அன்னிக்கும் இதைத்தானே சொன்ன. நீயும் அவனும் கூட்டா?" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொண்டு படகைத் தள்ளப் போனார்கள்.

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அன்னிக்கு வந்தது பொய்ச் சேதி. சேதி எப்படி வரும்னு அவருக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான். இன்னிக்குத் திரும்பக் கேட்டுக்கினுதான் வந்திருக்கேன். நம்பலைன்னா என்னையும் ஏத்திக்கினு போங்க."

அக்கா என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரர் கையிலிருந்த வலையைப் பிடுங்கி மணலில் போட்டார்.

"பாடு போனாப் போவுது. போவாதயா."

ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் படகை விட்டு விலகினார்கள். சாயங்காலம் அடித்த காற்றில், கரையில் கட்டிக் கிடந்த படகுகளே ஒன்றின் மேல் ஒன்று ஏறி உடைந்தன.

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் இந்தக் காலத்துத் திருடர்களை வகை வகையாகச் சொல்வாள். எங்கோ உட்கார்ந்து அடுத்தவர் பேங்க் கணக்குக்குள் புகுபவன், உள்ளேயே வேலை பார்த்துக்கொண்டு தகவலை விற்பவன், விளையாட்டுக்கென்றே நாசம் செய்பவன், பேங்க் ஆள் போல இதமாகப் பேசி விஷயத்தைக் கறப்பவன். அந்தக் கடைசி ஆளை அவள் பிறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். இப்போது அவளே போன் செய்து அவசரம் என்றாலும், வைத்துவிட்டு நான் திரும்பக் கூப்பிட்டுத்தான் பேசுகிறேன். அவள் சிரிக்கிறாள், எனக்கோ அன்று படகைத் தள்ளத் திரும்பிய அந்த முதுகுகள்தான் கண் முன்னால் நிற்கின்றன.