கைக்குட்டை விரிக்கும் ரத்தக்காட்டேரி

அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வகத்தில் பயிற்சியில் இருந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். பயிற்சி முடிவில் ஒரே ஒரு நிரந்தர இடம். எனக்குத்தான் என்று வாயால் சொல்லியிருந்தார்கள். கடைசி வாரத்தில் ஆய்வகப் பொறுப்பாளர் தன் மச்சானை அதில் உட்கார வைத்தார். பெண்பிள்ளை, இரவு ஷிப்டுக்குச் சரிப்படாது என்று என்னைப் பற்றி மேலே சொல்லியிருந்தார். நான் ஒரு ஷிப்டையும் மறுத்ததில்லை. மச்சானுக்கு வேலை கற்றுத்தர என் பயிற்சியை ஆறு மாதம் நீட்டித்தார்கள்.

அழவில்லை. என்னென்ன செய்யலாம் என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். மனு கொடுக்கலாம், அவர் கை வழியாகத்தான் போகும். சண்டை போடலாம், வெளியே அனுப்புவார்கள். மிஞ்சியது கதை.

பெரம்பலூரிலிருந்து ஆலைக்குப் போகும் வேனில் ஏற்கெனவே நான்தான் கதைக்காரி. திருச்சியில் டிப்ளமோ படித்தபோது வாடகைக்கு எடுத்துப் படித்த பேய்க்கதைகளின் பாணியில், நம்மூரில் நடப்பதாகத் தினம் ஒரு பகுதி சொல்வேன். சூனியக்காரி அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்பாள். ரத்தக்காட்டேரிகள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பகலைக் கழிக்கும். பிசாசோடு ஒப்பந்தம் போட்டால் கேட்டது கிடைக்கும். விலை என்ன என்பது பிறகுதான் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை புதிதாக ஒரு காட்டேரியைக் கொண்டுவந்தேன். எங்கே உட்கார்ந்தாலும் முதலில் கைக்குட்டையை விரித்து, நான்கு மூலையையும் நீவிவிடும். வேனில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பிறகு கணக்குப் பிரிவு அக்கா கேட்டார்.

"அடியே, அது ஒங்க லேப் சாரு இல்ல?"

"எந்த சாரு? இது காட்டேரிக்கா."

"ஆமாமா. காட்டேரிக்கு மச்சான் இருக்கானா?"

"நாளைக்கு வரான்."

வந்தான். காட்டேரி அவனுக்காகப் பிசாசிடம் ஒரு நாற்காலி கேட்டது, கிடைத்தது. விலையை மட்டும் நான் சொல்லாமல் இழுத்தேன். கதை வேனிலிருந்து கேன்டீனுக்கும், அங்கிருந்து பேக்கிங் பிரிவுக்கும் போனது. கேன்டீனில் பொறுப்பாளர் கைக்குட்டையை எடுத்தாலே பக்கத்து மேஜைகளில் பேச்சு நின்றது. கடைசி மூலையை நீவும்போது யாராவது இருமுவார்கள். கைக்குட்டை இல்லாமல் உட்கார்ந்து பார்த்தார். பேண்ட்டின் பின்பக்கம் சிமென்ட் தூசி வெள்ளையாக அப்பிக்கொண்டது. அதற்கும் சிரித்தார்கள்.

ஒருநாள் மச்சான் இல்லாத நேரம் பார்த்து ஆய்வகத்துக்கு வந்தார்.

"ஏதோ கதை சொல்றியாமே. அத முடிச்சிரும்மா. அந்தக் காட்டேரியக் கொன்னுடு, போதும்."

"காட்டேரிக்குச் சாவு கிடையாதுங்க சார்."

"பின்ன என்னதான் ஆவும்?"

கையிலிருந்த சல்லடையைத் தட்டி வைத்தேன். "மச்சானுக்கு நாற்காலி கேட்டுச்சு, குடுத்தாச்சு. இனிமே அது எங்கயும் நிம்மதியா உட்கார முடியாதுங்க. அதான் வெல."

பக்கத்தில் ஸ்டூல் காலியாக இருந்தது. அதைப் பார்த்தார். உட்காராமலே திரும்பிப் போனார்.

எனக்கு அந்த வேலை கடைசிவரை கிடைக்கவில்லை. நீட்டிப்பு முடிந்து சென்னைக்குப் போனேன். வேனில் முடிவைக் கேட்டார்கள், சொல்லவில்லை. முடித்தால் அவருக்கு விடுதலை. கதையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். அடுத்த வருடம் அக்கா போன் செய்தபோது, முதலில் நலம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்க சாரு இன்னும் கேன்டீன்ல நின்னுக்கிட்டுத்தான் சாப்புடுறாரு."

அன்றைக்கு நான் நிதானமாக உட்கார்ந்து, இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.