முதல் டிகாஷன்

நீளம் தாண்டுவதில் எங்கள் கல்லூரியில் நான்தான் முதல், அவள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து சேரும்வரை. தாண்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வரக்காபி குடித்தால் கால் சட்டென்று தரையை விட்டுக் கிளம்பும், பால் மட்டும் வேண்டாம் என்று கோச் எங்கள் இருவரிடமும் ஒரே நாளில்தான் சொன்னார். அந்த வாரமே அவள் என்னைவிட ஒரு ஜாண் தள்ளி விழுந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அதே காபி, அதே மணல், எனக்கு மட்டும் என்ன கேடு?

காரணம் எங்கள் அடுப்படியில் இருந்தது. ஞாயிறு காலைப் பயிற்சிக்காக அவள் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் தங்குவாள். ஃபில்டரில் முதலில் இறங்கும் கெட்டி டிகாஷன் விருந்தாளிக்கு. அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கிய இரண்டாவது எங்களுக்கு. அம்மா இதில் பிசகவே மாட்டாள். பெற்ற மகளுக்குத் தண்ணி, ஊரார் பெண்ணுக்குக் கெட்டி. அவள் ரசித்துக் குடிப்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாவட்டப் போட்டி வந்தது. மாநிலத்துக்குப் போக ஒரே இடம். அன்று காலை அம்மா ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றி, அவளுடையதில் அடையாளத்துக்குக் கோயில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தாள். அவள் தலை பின்னிக்கொண்டிருந்த நேரத்தில் நான் கயிற்றை அவிழ்த்து மற்றதில் கட்டினேன்.

மைதானத்தில் என் காபி நாக்கில் உறைக்கவே இல்லை. பதற்றத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவளோ உன் அம்மா காபியே தனி என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஓடுவதற்கு முன், எங்களுக்குச் சாமியேயான ஊர் மலையைப் பார்த்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். அன்று நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கடைசித் தாண்டலில் நாலு விரற்கடை வித்தியாசத்தில் அவள் ஜெயித்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா என் முகத்தைப் படித்துவிட்டாள்.

"இன்னிக்கு மட்டும் மொத டிகாஷன உனக்குத்தான்டி ஊத்தினேன். வீட்டுக்கு வந்த பொண்ணுக்கு ரெண்டாவதக் குடுத்தேன், பாவம்னு தெரிஞ்சேதான். அப்பவும் தோத்துட்டு வந்து நிக்கிற."

நான் ஃபிளாஸ்க்கைக் கழுவப் போனேன். மிச்சமிருந்த காபி வெளிறிப்போய்த் தொட்டியில் ஓடியது.