படத்தில் நிற்காதவள்

எங்கள் மலையில் நூறு நாள் வேலைக்கு ஒரு பெண் வந்தாள். செங்கம் பக்கத்திலிருந்து வந்து தனியாக வாடகைக்கு இருந்தவள். நாற்பது வயது இருக்கும். நெட்டையான உடம்பு. மண்வெட்டி பிடித்துப் பழகாத கை. ஆனாலும் எங்களுக்குச் சமமாக வெட்டினாள்.

வேலை செய்கிறவர்களைத் தினமும் போனில் படம் எடுப்பார்கள். படத்தில் இல்லாதவருக்கு அன்றைக்குக் கூலி இல்லை. பொறுப்பாளர் போனைத் தூக்கினால் போதும், இவள் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் போய்விடுவாள்.

"இன்னாடி வெக்கம்? உன்ன பொண்ணு பாக்கவா வந்துகீறாங்க?" என்று ஒருநாள் நான்தான் அவளை இழுத்து வந்து நடுவில் நிறுத்தினேன். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

பொறுப்பாளர் குழுவில் போட்ட அந்தப் படம் வாட்சப்பில் சுற்றியது. போளூரில் எவனோ அவள் முகத்தை அடையாளம் கண்டு, முன்பு அவள் நடித்த ஆபாசப் படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டான். ஆம்பளைகள் வேலை நடக்கும் இடத்துக்கே வந்து நின்று பார்த்தார்கள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

பையோடு பஸ்ஸுக்கு நின்றவளிடம் போனேன்.

"என்னாலதாம்மா இப்டி ஆச்சு."

"வுடுக்கா. என் கூலி போவுதேன்னுதான இழுத்த."

"இனிமே எங்க போவ?"

"தெரியல. இது நாலாவது ஊரு. அந்த மாதிரி படத்துல நடிச்சது ரெண்டே வருசம்க்கா."

பஸ் வந்தது. "வெயில்ல நிக்காத, வூட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

திட்டுவாள் என்றுதான் அவ்வளவு நேரம் நின்றிருந்தேன்.