நாலாவது குழாய்

எழுபதுகளில் ஒரு காலை. மாமனாரிடம் இரவல் வாங்கிய காருக்கு, என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட, வீட்டிலேயே நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றியிருந்தேன். அவரிடமே திருப்பிக் கொடுக்கப் போகும்போது, கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை வாசலில் என்ஜின் உதறத் தொடங்கியது. பானட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டபடியே அரைமணி நேரம் விழித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் ஓர் அம்மாள் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த கறுத்த முகம், முழங்கை வரை மாவு. கல்லில் தண்ணீர் தெளித்து, தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மாவை ஊற்றுவார்.

கடைசியில் சொம்போடு எழுந்து வந்தார். "ஆஃப் பண்ணாத" என்றபடி, பானட்டுக்குள் என்ஜினிலிருந்து புகை வெளியேறும் நாலு குழாய்களிலும் தண்ணீர் தெளித்தார். மூன்று சுர்ரென்றன. நாலாவதில் தண்ணீர் சும்மா வழிந்தது.

"இதுல நெருப்பே இல்ல. இன்னான்னு பாரு."

அந்தக் குழாய்க்கு நேரே இருந்த பிளக்கில் வயர் பாதிதான் மாட்டியிருந்தது. என்ஜினை நிறுத்தி அதை அழுத்திவிட்டுக் கிளப்பினேன். உதறல் போயிருந்தது.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"கல்லு காஞ்சிதா இல்லியான்னு எனக்குத் தெரியாதா? மொதல்ல வண்டிய எடு நைனா, புகையெல்லாம் மாவுல உழுது."

நான் நன்றி சொல்வதற்குள் அடுத்த தோசையை ஊற்றிவிட்டார். அவர் எனக்கு உதவினாரா, என்னைத் துரத்தினாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை.